சர்க்கரைப் பாகில் தோய்த்த இலைகள்

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தை அம்மா கூடத்துச் சுவரில் மாட்டி, அதைச் சுற்றி குரோஷா ஊசியால் திராட்சை இலைகளைப் பின்னி, விறைப்பாக நிற்க வேண்டும் என்று சர்க்கரைப் பாகில் முக்கிக் காயவைத்து ஒட்டினாள். வேலை எதுவும் வரவில்லை. எறும்புதான் வந்தது.

எங்கள் வீட்டில் எதைப் பின்னினாலும் பாகுதான். அம்மா ஸ்டாமெனாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டை ஏற்றிய வண்டிகள் வரத் தொடங்கும் இலையுதிர்காலத்தில் ஆலை ஆளுக்கு ஒரு மூட்டை சர்க்கரை கொடுக்கும். ஊரில் மற்றவர்கள் பின்னல் விரிப்புக்குக் கஞ்சி போடுவார்கள். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி விரிப்பு, ரொட்டிக் கூடை, பூச்சாடி எல்லாமே நக்கினால் இனிக்கும். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் சென்கா என்று கூப்பிட்டதில்லை. எறும்பு. ஊர் அதை இன்னும் மறக்கவில்லை.

பட்டத்தை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்த இடம் வுகோசாவாவின் பரிசுப்பொருள் கடை. கதவில் தொங்கவிடும் இலை வளையம், மேசையில் வைக்கும் குட்டிப் பூசணி, ஜன்னலில் கட்டும் ஓக் கொட்டைச் சரம் எல்லாவற்றையும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பின்னுவேன். அவள் அதில் 'வுகோசாவாவின் கைவண்ணம்' என்று சீட்டு ஒட்டுவாள். அவள் கை ஊசியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அந்த நகங்களை வைத்துக்கொண்டு அவளால் கீழே விழுந்த பொத்தானைக்கூட எடுக்க முடியாது.

அந்த வருடம் பண்பாட்டு மன்றம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. இலையுதிர்காலச் சந்தையில் யாருடைய வீட்டு அலங்காரம் சிறந்ததோ, குளிர்கால குரோஷா வகுப்பை நடத்தும் வேலை அவருக்கு. அடுப்பு எரியும் அறை, அதற்கு ஒரு சாவி, கதவில் நம் பெயர். எனக்கு அது வேண்டும். வாய்விட்டே கேட்டேன்.

"நானும் போட்டிக்குப் போறேன்."

"நீயா? எத வெச்சு?"

"நான் பின்னினத வெச்சுதான்."

"நூல் என்னுது, கடை என்னுது. அப்ப பின்னினது யாரோடது? படிச்ச பொண்ணு, நீயே சொல்லேன்." நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே சிரித்தாள். "அதோட மேசைக்குப் பேரு குடுக்கற நாளு நேத்தோட முடிஞ்சுது தங்கம். உனக்குத் தெரியாதா? அடடா."

அவள் பெயரில் மேசை ஏற்கெனவே பதிவாகியிருந்தது. மன்றத்துக் கதவில் தொங்கப்போகும் பெரிய வளையத்தைப் பின்னியது நான். துரு நிறத்திலும் மஞ்சளிலும் ஓக் இலைகள், நடுவில் பூசணிகளும் ஓக் கொட்டைகளும். பின்னி முடித்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இலையெல்லாம் நனைஞ்ச கோழி மாதிரி தொங்குது. கண்ணாடி மாதிரி நிக்கணும், மின்னணும். உங்கம்மா என்னமோ பண்ணுவாளே, அப்படிப் பண்ணு."

"அது வீட்டுக்குள்ள வைக்கத்தான். வெளியில ஆகாது. வெளியிலன்னா மரத்துக்குப் போடற வெள்ளைப் பசைதான் சரி."

"பசையா? மின்னுமா அது? சொன்னதச் செய்டி. வாய் மட்டும் குறைச்சலில்ல."

ஒருமுறை சொல்லியாயிற்று. இரண்டாவது முறை சொல்ல என்னை யாரும் வேலைக்கு வைக்கவில்லை.

வீட்டில் அம்மா பாகு காய்ச்சிக்கொண்டே விசாரித்தாள்.

"வெளியிலயா மாட்டப்போறா? சந்தையிலயா?"

"ஆமா."

"ஒப்ராட் ப்ளம் பழக் கூழ் காய்ச்சுவானே, அதுக்குப் பக்கத்துலயா?"

"அதுக்கு நேர் எதிர்ல."

"நீ சொன்னியா அவகிட்ட?"

"சொன்னேன்மா."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ."

அம்மா இன்னும் ஒரு கரண்டி சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

சந்தை அன்று காலையில் மொராவா ஆற்றிலிருந்து வந்த பனிமூட்டம் விலகவேயில்லை. அந்தக் குளிரில் ஒரு பூச்சிகூட வெளியே தலைகாட்டவில்லை. மன்றத்துக் கதவில் வளையம் கண்ணாடியாக மின்னியது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வாயைப் பிளந்தார்கள். வுகோசாவா தலைமுடியைக் கோபுரமாகச் சீவி, ஒரு மயிரும் அசையாமல் ஏதோ தெளித்து, கதவோரம் நின்றுகொண்டாள். "எல்லாம் ராத்திரி ராத்திரியா உக்காந்து பின்னினது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நான் அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

நண்பகலில் பனி விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. ஒப்ராட் தன் செப்புக் கொப்பரையின் மூடியைத் திறந்தான். ப்ளம் பழ வாசனை தெருவெல்லாம் பரவியது. முதல் குளவி அந்தக் கொப்பரையைத் தேடித்தான் வந்தது. போகிற வழியில் ஓர் இலையில் உட்கார்ந்து பார்த்தது. பிறகு சொந்தக்காரர்களைக் கூட்டிவரக் கிளம்பியது.

மன்றத் தலைவர் திஹோமிர் நடுவராக வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. வழியில் இருந்த மேசைகளில் ஜாம், ஐவார் என்கிற குடமிளகாய்த் துவையல், தேன் என்று எல்லாவற்றையும் விரலால் தொட்டு நக்கிக்கொண்டே வந்தார். வளையத்துக்கு முன்னால் நின்று ஓர் இலையைத் தடவினார்.

"அற்புதம்! எப்படிம்மா இவ்வளவு விறைப்பா நிக்குது?"

"கஞ்சிங்க. அரிசிக் கஞ்சி. எங்க வீட்டு வழக்கம்" என்றாள் வுகோசாவா.

பழக்கதோஷத்தில் அவர் விரல் வாய்க்குப் போயிற்று.

"கஞ்சி இனிக்குதே?"

எதிரே கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த ஒப்ராட் கரண்டியை நிறுத்தினான். "ஏ எறும்பு! உங்க வீட்டுச் சாமானா இது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எவனோ பாகச் சிந்திட்டான்" என்று வுகோசாவா பல்லைக் கடித்தாள். சந்தேகம் தீராத திஹோமிர் இன்னொரு இலையைத் தொட்டு நக்கினார். இந்த முறை விரலோடு ஒரு குளவியும் போயிற்று.

அவர் போட்ட சத்தத்தில் ஐவார் புட்டி ஒன்று உருண்டு விழுந்தது. உதடு கண்ணெதிரே வீங்கியது. இன்னொரு குளவி வுகோசாவாவின் தலைமுடிக் கோபுரத்துக்குள் புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் ரீங்காரமிட்டது.

"யாரு? யாரு பண்ணின வேல இது?" வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார் திஹோமிர்.

வுகோசாவா ஒரு கணம் திணறியதைப் பார்த்தேன். ஒரு பக்கம் வகுப்பு, மறுபக்கம் அந்த உதடு. தலைக்குள் குளவி சுற்றும்போது யாருக்குத்தான் நிதானமாக யோசிக்க வரும்?

"நானில்லீங்க! நான் தொட்டதே இல்ல! ஒரு இலை, ஒரு கொட்டை விடாம எல்லாத்தையும் பின்னினது இவதான்! பாகுல முக்கினதும் இவதான்!"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"இன்னொரு தடவ சொல்லுங்க. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல" என்றேன்.

கோபத்தில் அவள் நிஜமாகவே சொன்னாள். இன்னும் உரக்க.

"எனக்கு நல்லாக் கேட்டுதுப்பா!" என்று கூட்டத்தின் கடைசியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

ஒப்ராட் ஒரு வெங்காயத்தை வெட்டித் திஹோமிரின் உதட்டில் வைத்து அழுத்தினான். வெங்காயத்துக்குப் பின்னாலிருந்து அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த ஓக் கொட்டைத் தொப்பிய எப்படிப் பின்னின?"

"தொப்பி நிஜம், ஆத்தங்கரையில பொறுக்கினது. கொட்டை மட்டும்தான் நூல்."

"பூசணி?"

"அகலமா ஒரு பட்டை பின்னி, வளைச்சுத் தைச்சு, ஒரு முனைய இறுக்கிக் கட்டணும். உள்ள பஞ்ச அடைச்சு அடுத்த முனையையும் இறுக்கினா பூசணி. காம்புக்கு ஒரு லவங்கப்பட்டைக் குச்சி. இதுல பெரிய வித்தை ஒண்ணுமில்ல, யாரு வேணாலும் பண்ணலாம்."

"இந்தம்மா அத ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் பண்ணினேங்கறாங்க. நீ யாரு வேணாலும் பண்ணலாங்கற. வகுப்பு எடுக்க நீதான் சரி." அவர் சொன்னது வெங்காயத்தின் வழியாகக் குழறி வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. வுகோசாவாவுக்கும்.

"நாளையிலேருந்து கடைப் பக்கம் வந்துராத!" என்றாள்.

"சரிங்க. இந்தாங்க உங்க கோட்டு."

திஹோமிர் மன்றத்துச் சாவியை நீட்டினார். நான் கையை நீட்டியதும் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு நிபந்தனை. என் மன்றத்துக்குள்ள சர்க்கரை கூடாது. கஞ்சி மட்டும்தான்."

"கஞ்சியே போடறேன்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

அதற்குள் அம்மா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்திருந்தாள். தன் ஆலையையே யாரோ இழுத்து மூடிவிட்டதைப் போல அவரை முறைத்தாள்.

"கஞ்சியாம் கஞ்சி! ஏன்யா, ரெண்டாவது தடவையும் நக்கிப் பாத்தது நீதான?"