தெருவுக்கே லைன் இல்லை

தொடையில் சாய்ராகுல் அத்தை நறுக்கென்று கிள்ளியதும் புருல்சா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"ஒரே பொண்ணு நீ. ஊரே வந்து நிக்குது. வாயைத் தச்சா வச்சிருக்கே?" என்று அத்தை முக்காட்டுக்குள்ளிருந்தே சீறினாள்.

முற்றத்தில் சாவுக்கென்று நேற்றுக் காலை எழுப்பிய கம்பளிக் கூடாரம். உள்ளே திரைக்குப் பின்னால் அப்பா சகின்பாய் கிடந்தார். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆண்கள் அழுதுகொண்டு வரும்போதெல்லாம் உள்ளே ஒப்பாரி எழ வேண்டும். மகள்தான் முதல் அடியை எடுக்க வேண்டும், அதுவும் அப்பாவின் பெருமையைச் சொல்லி. எந்த வாயால் எடுப்பாள்? கடைசியில் அவரிடம் பொய் சொன்ன வாய் அது.

ஆறு வருடத்துக்கு முன்பு நடுக்குவாதம் என்று தெரிந்தபோது, உடம்பு விட்டுப்போனாலும் மூளையைச் சும்மா விடாதீர்கள் என்றார் டாக்டர். முப்பது வருடம் தொலைபேசி இலாகாவில் இன்ஜினியராக இருந்தவர், தங்கள் நாரின் ஊரில் பாதிக் கம்பி அவர் இழுத்தது. சும்மா இருப்பாரா? கம்ப்யூட்டர் வாங்கி இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தார். எங்கோ மலைக்கு அந்தப் பக்கமிருந்து, பனி விழுந்தால் சிக்னல் போகிறதே என்று யாராவது கேட்பார்கள். ஆடுகிற வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒரே விரலால் எழுத்தெழுத்தாகக் குத்திப் பதில் எழுதுவார். நாலு வரிக்கு ஒரு மணி நேரம். "கைதான் ஆடுது. மூளை ஆடலை, பாத்தியா?" என்று சிரிப்பார்.

இந்த மாதம் நெஞ்சில் சளி கட்டியது. அசையாமல் படுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ். அவர் கேட்டால்தானே! இருமி இருமி எழுதினார். புதன்கிழமை காலை புருல்சா பொறுக்க மாட்டாமல் இணையப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்தாள்.

"நெட் போச்சாம்மா?"

"தெருவுக்கே லைன் இல்லப்பா. ஆளுங்க வந்து பாப்பாங்களாம்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. அப்ப தூங்க வேண்டியதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வியாழன் மதியம் அவர் அயர்ந்து தூங்குவதைப் பார்த்து, இவளும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். எழுந்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. அப்பாவின் வலது கை தொடைக்கு அடியில் மாட்டியிருந்தது. எதற்கு இப்படி வைத்திருக்கிறார் என்று இழுத்து எடுத்தாள். கை ஆடவில்லை.

யாருக்கும் பதில் எழுத முடியாமலே, அவள் பொய்யை நம்பியே போயிருப்பார். அந்த நினைப்புதான் இரண்டு நாளாக அவளை ஒப்பாரி எடுக்க விடவில்லை.

"என் அப்பாவே! ஐயோ, என் அப்பாவே!"

வெளியே ஒரு புதுக் குரல் கதறிக்கொண்டு வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருடி இது? பேச்சு மலைக்கு அந்தப் பக்கம் அலாய்ப் பேச்சா இருக்கு. அங்க நமக்கு யாரு?" என்ற அத்தை குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பன் அங்க இன்னொரு குடும்பம் எதுவும் வச்சிருந்தானோ?"

யாரோ முக்காட்டு நுனியை வாயில் அடைத்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். பனிக்காற்றில் வெடித்த முகம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடார வாசலில் குனிந்து நின்றார்.

"நான் எர்கின். பள்ளிக்கூட வாத்தியார். அப்பாவை நேர்ல பாத்ததே இல்ல தங்கச்சி. எங்க பள்ளிக்கூடத்துக்கு நெட் வந்தது அவராலதான். எந்தப் பாறையில கம்பம் நடணும்னு படம் போட்டே அனுப்பினார். நேத்து காலையில போன் பண்ணினா யாரோ எடுத்து, 'உடம்பு சரியில்ல, வந்துட்டுப் போங்க'ன்னாங்க. எங்க ஊர்லயும் சாவை அப்படித்தானே சொல்லுவோம். உடனே கிளம்பிட்டேன்."

"இருந்தவரைக்கும் உங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தித்தான் பேச்சு அண்ணா..." புருல்சா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கடைசியில நெட் இல்லாமப் போச்சு."

"தெரியுமே. முந்தாநாள் காலையில அப்பாவே போன்ல சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

எர்கினின் உதடு சிரிக்கப் போய்க் கோணியது. "'பொண்ணு ஒயரைப் புடுங்கி ஒளிச்சு வச்சிருக்கா. தெருவுக்கே லைன் இல்லையாம். யார்கிட்ட சொல்றா பாருய்யா, அந்தத் தெருவுக்கு லைன் இழுத்ததே நான்தான்!'னு ஒரே சிரிப்பு. கேட்டு வாங்கிக்குங்களேன் அப்பான்னேன். 'வேணாம்ப்பா. பதினோரு நாளா அவ படுக்கவே இல்ல. நான் தூங்கினாத்தான் அவ தூங்குவா. அதான் தூங்கற மாதிரி கிடக்கேன். இந்தக் கைதான் காட்டிக்குடுத்துடும்போல இருக்கு, தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டிருக்கேன்'னாரு."

புருல்சா எழுந்து, எர்கினைத் தாண்டி முற்றத்தில் இறங்கி வீட்டுக்குள் போனாள்.

மாவு டின்னைத் திறந்து கையை விட்டாள். ஒயர் அடியில் கிடந்தது. மாவை முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டு, பெட்டியில் செருகி, ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்தாள். பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டிங் என்றது. மறுபடி டிங். அப்புறம் விடாமல் வந்துகொண்டே இருந்தது.

அத்தை மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "தூக்கப் போறாங்கடி, இங்க என்ன பண்றே? யாரு அது, விடாமக் கூப்பிடறது?"

"அப்பாவைத்தான் அத்தை."

அத்தை கம்ப்யூட்டர் மூடியைச் சாத்தப் போனாள். புருல்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்."

திரும்பி வந்து கூடாரத்தில் தன் இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். விரலிடுக்கில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. வெளியே ஆண்களின் அழுகை எழுந்தது. இந்தத் தடவை அவளை யாரும் கிள்ள வேண்டியிருக்கவில்லை.