ஐந்து மணிக்குள் ஒரு பல்கலைக்கழகம்

லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லை. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவினாள். மணி நாலு இருபத்திரண்டு. ஐந்து மணிக்குள் செல்போனில் இருக்கும் இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்தியாக வேண்டும்.

பொருளாதாரம் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளை அழைத்திருந்தன. இரண்டுமே, பேரைச் சொன்னால் பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்து கைகொடுக்கிற ரகம். ஒன்று, அண்ணன் மூன்று வருஷமாகப் படிக்கும் இந்த இடம், தரவரிசையில் முதல். மற்றது மூன்றாவது. இதற்காகப் படித்துப் படித்தே தோழிகளை ஒவ்வொருத்தியாகத் தொலைத்திருந்தாள். போன பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பியது பல் டாக்டர் கிளினிக் மட்டும்தான். இன்னும் மூன்று வருஷம் அப்படியே ஓட்டினால் பைத்தியம் பிடித்துவிடும் என்று உள்ளூர நடுங்கினாள்.

வருங்காலப் பொருளாதார நிபுணி சும்மா முடிவெடுப்பாளா? அட்டவணை போட்டாள். பேராசிரியர்கள், வேலைவாய்ப்பு, நட்பு வட்டம். நட்பு வட்டத்தில் அண்ணனின் இடத்துக்குப் பத்துக்கு ஒன்பது! ஆதாரம், ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போன் போட்டு, தன் நண்பர்களைப் பற்றி அளக்கும் கதைகள். ஜோக்கர் கிடார் வாசித்தது, நெட்டையன் ஆற்றில் விழுந்தது, எல்லோருமாக டிராமா போட்டது. ஒரே ஒரு ஆளைக் கேட்டு எடுத்த சர்வே. அது இன்று காலையில்தான் அவளுக்கு உறைத்தது. "ஜோக்கர் நம்பர் குடுண்ணா, நானே பேசிக்கிறேன்" என்றாள். அண்ணன் மழுப்பினான். ரயிலேறிவிட்டாள்.

விடுதியின் மூன்றாம் மாடி. அண்ணன் அறைக்கு அடுத்த கதவு, அவன் கதைப்படி ஜோக்கருடையது, திறந்திருந்தது. உள்ளே ஒருவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்கதானே ஜோக்கர்?"

"ஏங்க, என் மூஞ்சியப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"சாரி. பக்கத்து ரூம்ல இருக்கவரோட தங்கச்சி நான்."

"அவருக்குப் பேச வருமா?" சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். "தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வருஷமா பக்கத்துலதான் இருக்கேன். பேர்கூடத் தெரியாது."

சத்தம் கேட்டு அண்ணன் கதவைத் திறந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். பின்னால் ஒற்றை நாற்காலி, அதன்மேலும் புத்தகங்கள்.

"கொசு! நீ எப்படி இங்க?"

"ஜோக்கர் எங்கண்ணா?"

"வெளிய போயிருக்கான். வந்துடுவான்."

"மணி நாலு நாற்பது. பொய் சொல்ல உனக்கும் நேரமில்ல, கேக்க எனக்கும் நேரமில்ல. அப்படி ஒருத்தன் இருக்கானா, இல்லையா?"

அண்ணன் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். பிறகு போனில் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான்.

மேடையில் நாலு பேர். ஒருவன் கையில் கிடார். ஒருவன் பனைமர உயரம். அண்ணன் மட்டும் இல்லை. அவர்களுக்குப் பின்னால் தொங்கிய சின்னத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளை அழைத்த அந்த இன்னொரு பல்கலைக்கழகத்தின் சின்னம்.

"வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றான் அண்ணன். "எனக்கும் அப்போ ரெண்டு இடமும் கிடைச்சுது. அங்க நேர்காணலுக்குப் போனப்போ, என்னை மாதிரியே வந்திருந்த இவங்ககூடத்தான் ரெண்டு நாள் தங்கினேன். வாடா வாடான்னு கெஞ்சினாங்க. நம்பர் ஒன்னுதான் வேணும்னு நான் இங்க வந்துட்டேன். மூணு வருஷமா இவங்க போடுற போட்டோவப் பார்த்துத்தான் உங்களுக்குக் கதை சொல்லிட்டிருக்கேன்."