ஒன்பதாம் அத்தியாயம் வரை

நவம்பர் கடைசியில், மறைமாவட்டப் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் இளம் குருவானவர் சுஜின் போன் செய்தார்.

"கிறிஸ்துமஸ் இதழுக்கு ஃபாதர். இந்த வருஷம் படிச்சதுல உங்களுக்குப் பிடிச்ச மூணு புஸ்தகம். எல்லாப் பங்குச்சாமியாரும் எழுதுதாங்க."

"எழுதிருதேன்" என்றார் கிளமென்ட் சாமியார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, பிப்ரவரிக்கு மேல் ஒரு புத்தகத்தைக்கூட அவர் தொடவில்லை.

முப்பது வருஷமாக அவரும் குருமடத்துச் சிநேகிதர் சிலுவைமுத்து சாமியாரும் ஒரே புத்தகத்தை ஒன்றாகப் படித்தார்கள். இவர் திசையன்விளைப் பக்கம், அவர் மலையோரம். வாரம் மூன்று அத்தியாயம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் போனில் சண்டை. ஒருத்தர் முந்திப் படித்துவிடக் கூடாது. கடைசியாக எடுத்தது ஒரு ரயில்வே கேட்கீப்பரின் கதை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் கோபித்துக்கொண்டு போன மகளைத் தேடி வேலையை விட்டுக் கிளம்பிவிடுகிறான்.

"இனி அவன் திரும்ப மாட்டான்" என்றார் கிளமென்ட்.

"வருவாம்லே. நீ பாரு."

அது பிப்ரவரி. அந்த ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை பூசைக்கு உடுத்தும்போது சிலுவைமுத்து சரிந்து விழுந்தார். எழவில்லை.

அதற்கப்புறம் கிளமென்டைத் தேடி ஆள் வராத நாளே இல்லை. ஞானஸ்நானச் சான்றிதழ், மீன்வலைத் தகராறு, கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலை. வந்த காரியம் முடிந்ததும் போய்விடுவார்கள். என்ன படிக்கிறீர்கள் என்று ஒருத்தர் கேட்டதில்லை.

சுஜின் போன் செய்த மறுநாள் அவர் உவரிக்கு பஸ் ஏறினார். சிலுவைமுத்துவின் அக்கா ஃபுளோரா அங்கே இருந்தாள்.

"அவன் கடைசியாப் படிச்ச புஸ்தகம் இருக்கா அக்கா?"

"மத்ததெல்லாம் நூலகத்துக்குக் குடுத்துட்டாங்க சாமி. இது தலமாட்டுல கிடந்துது. குடுக்க மனசில்ல."

நின்றபடியே புரட்டினார். ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். ஒன்பதாம் அத்தியாயத்தோடு நின்றிருந்தது. அதற்கு மேல் பக்கங்கள் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தன. அவன் முந்திப் படித்திருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தபடி கிளமென்ட் புத்தகத்தை மூடினார்.

மீதியைத் தன் பிரதியில் மூன்று நாளில் முடித்தார். கேட்கீப்பர் திரும்பித்தான் வந்தான். மகளில்லாமல், செருப்பில்லாமல். சிலுவைமுத்து சொன்னதே சரி. தான் தோற்றுப்போனதை ஒத்துக்கொண்டு சொல்ல எதிரில் ஆளில்லை.

பத்திரிகைக்கு அந்த ஒரு புத்தகத்தின் பேரை மட்டும் அனுப்பினார். சுஜின் போன் செய்தார்.

"ஒண்ணுதானா ஃபாதர்? மத்தவங்க ஆன்மிக நூலா எழுதியிருக்காங்க. ரெண்டு சேத்துக்கிடட்டுமா?"

"படிக்காததை எப்படிய்யா எழுத?"

இதழ் வந்தது. மற்றவர்களுக்கு அரைப் பக்கம், இவருக்கு ஒரு வரி. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஃபுளோராவுக்கு போன் போட்டார்.

"அக்கா, உன் தம்பி ஜெயிச்சிட்டான். அவன் திரும்பி வந்துட்டான்."

"யாரு சாமி?"

முதல் அத்தியாயத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் ம் கொட்டினாள். கேட்கீப்பர் வீட்டைவிட்டு இறங்கும் இடத்தில், "அந்தப் பிள்ளைய பாத்தானா?" என்று கேட்டாள். அவர் குரல் ஏறியது, கை ஆட்டிச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தம்.

"சாமி, மீன் கொதிச்சு வழியுது. வைக்கட்டுமா?"

"வையி அக்கா" என்றார். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீதிக் கதையை மெதுவாக வாய்க்குள்ளேயே சொல்லத் தொடங்கினார்.