நாச்சியாரின் உள்ளங்கால்

வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டால், தென்காசிக் கீழப்புலியூர்த் தெருவில் அந்த வீட்டைக் கடந்து செல்பவர்கள் ஒரு கூச்சலை எதிர்பார்த்தே கடந்து சென்றார்கள். முத்துவடிவு தன் மகள் நாச்சியாருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாள் அது. குழந்தைக்கு ஆறு வயது முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. உச்சந்தலைக்கும் முதுகுக்கும் நல்லெண்ணெய் வைக்க அவள் ஒருவாறு இசைவாள். தாயின் கை கணுக்காலுக்குக் கீழே இறங்கியதுதான் தாமதம், வீடு இரண்டாகும். உள்ளங்காலில் ஒரு விரல் பட்டாலும் தீப்பட்டதுபோல் துடிப்பாள். கிண்ணம் ஒரு பக்கம் உருளும், மணை ஒரு பக்கம் கவிழும். உள்ளங்காலில் எண்ணெய் படாத குளியலும் ஒரு குளியலா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். முத்துவடிவுக்கும் அதே ஏக்கம்தான். பெற்ற பிள்ளையின் பாதத்தை மடியில் வைத்து, அவசரமில்லாமல் ஒருமுறை தடவிவிட வேண்டும் என்பதற்கு மேல் அவள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. பேச்சு வரவேண்டும் என்று வேண்டியிருக்கலாம். அவ்வளவு பெரிய வரத்தைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நாச்சியார் பேசுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதுமில்லை. ஆயினும் அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அவளுடைய தந்தை நம்பிராஜன் அறிவார். வீட்டின் முன்னறையில் அவர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்கு முள்ளை நகர்த்தும்போது இடையில் எழும் கீச்சொலியை, ஏற்ற இறக்கம் பிசகாமல், உள்ளறையிலிருந்து நாச்சியார் முனகுவாள்.

"செட்டு சரியாப் பாடுதான்னு எம்மவகிட்டக் கேட்டுக்கிடுங்க" என்று நம்பிராஜன் வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுவார். பேசி முடித்த பிறகு, சிறிது நேரம் தலை நிமிராமல் வேலை பார்ப்பார்.

அவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் இருந்தவர்கள் அல்லர். ஊரிலேயே மருத்துவமனை நடத்திய டாக்டர் ஞானபாக்கியம் அம்மாள் குழந்தையின் காதையும் நாக்கையும் சோதித்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த மருத்துவர் காலை முழுவதும் நாச்சியாரோடு தரையில் அமர்ந்து, அவள் சுற்றிவிட்ட டப்பா மூடியைத் தாமும் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, 'ஆட்டிசம்' என்ற சொல்லைச் சொன்னார். இதற்கு மாத்திரை கிடையாது, இது தாய் செய்த குற்றமும் அன்று, பிள்ளையின் போக்கிலேயே போய்ச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொடுங்கள் என்றார்.

செங்கோட்டை வழியாக ஊர் திரும்பும் ரயிலில் நம்பிராஜன் பொருமினார்.

"இம்புட்டுத் தூரம் ரயிலேறிப் போயி, வெறும் பேர மட்டும் வாங்கிட்டு வாறோம். பேரு வைக்கதுக்கு நம்மூர்ல ஆளா இல்ல?"

"எம்மேல குத்தமில்லன்னு சொன்னாருல்லா? எனக்கு அது போதும்" என்றாள் முத்துவடிவு.

அவருக்கு அது போதவில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுச் சாரல் காலத்தில், குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் அறை எடுத்துத் தங்கி நோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டர் சந்தானகிருஷ்ணனிடம் மனைவியையும் மகளையும் அழைத்துச் சென்றார். வடக்கே ஏதோ ஓர் ஆலையின் மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்றவர் அந்த மருத்துவர். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் படித்ததை முழுமனத்தோடு நம்பியவர். மூளைக்கு வேண்டிய விட்டமின் சில குழந்தைகளுக்குப் பல மடங்கு தேவைப்படுகிறது என்றும், அமெரிக்காவில் அதைக் கொடுத்துத் தேற்றுகிறார்கள் என்றும் ஒரு சஞ்சிகையைப் பிரித்துக் காட்டினார்.

"உங்க ரேடியோவுல கோளாறே இல்லை, நம்பிராஜன். கரண்ட்தான் பத்தலை. கரண்டை ஏத்துவோம்."

அவ்வார்த்தை நம்பிராஜனின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் ஞானபாக்கியத்திடம் மருந்துச் சீட்டைக் காட்டியபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"விட்டமின்தானன்னு லேசா நெனைக்காதீங்க. ஒரு சின்னப் பிள்ளைக்கு இம்புட்டுக் குடுத்து நான் பாத்ததில்ல. நானா இருந்தா குடுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து நம்பிராஜன் மனைவியிடம் கேட்டார்:

"வேண்டாம்னு சொல்லுதவுக பதிலுக்கு என்னத்தத் தாறாவ? ஒருத்தரு பேரத் தந்தாரு. இந்தம்மா பயத்தத் தந்தாவ. மருந்து தாறது அந்த ஒருத்தருதான். நீயே சொல்லு வடிவு."

முத்துவடிவின் கண்முன் அந்த இரண்டு சிறிய பாதங்கள்தாம் நின்றன. சரி என்றாள்.

அம்மாத்திரை நம் ஊர்க் கடைகளில் அந்த அளவில் கிடைப்பதில்லை. கடையநல்லூர் மைதீன் பிச்சை துபாயிலிருந்து அதைக் கொண்டுவந்து சேர்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் தம் டேப் ரெக்கார்டரை நம்பிராஜனிடமே பழுதுபார்க்கக் கொடுப்பவர் அவர்.

"அண்ணாச்சி, கஸ்டம்ஸ்காரன் டப்பாவத் தொறந்து பாத்துட்டு, எத்தனை பேருக்குவே சீக்குன்னு கேட்டான். சீக்கு ஒருத்தருக்கும் இல்ல, எங்க தென்காசி மருமவளுக்குச் சத்து மாத்திரைன்னேன். சிரிச்சிட்டு விட்டுட்டான்."

முத்துவடிவு நாள்தோறும் மாத்திரைகளை அம்மியில் நுணுக்கிக் கருப்பட்டிப் பாகில் குழைத்து ஊட்டினாள். கார்த்திகையும் மார்கழியும் சென்றன. தையும் சென்றது. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வழக்கம்போல் கூச்சலுக்குத் தன்னைத் திடப்படுத்திக்கொண்டு அவள் கையைக் கணுக்காலுக்குக் கீழே இறக்கினாள். கூச்சல் எழவில்லை. நாச்சியார் கொடியில் ஆடிய துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதம் தாயின் மடியில் அப்படியே கிடந்தது. முத்துவடிவு மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. குதிகாலைத் தடவினாள், நடுப்பாதத்தைத் தடவினாள், ஒவ்வொரு விரலிடுக்கிலும் எண்ணெய் வைத்தாள். எண்ணெய் தீர்ந்த பின்னும் வெறுங்கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

நம்பிராஜன் அன்றைக்கே கொலுசு வாங்கிவந்தார். அடுத்த தெருவில் இருந்த அவருடைய தங்கை சொக்கம்மாள் அதைப் பார்க்க ஓடிவந்தாள்.

"ஏ மைனி, கூப்பாடு கேக்கலையே, ஊருக்குப் போயிட்டாவளோன்னு நெனைச்சேன்! இங்க பாரேன், எம் மருமவ மகாராணி மாதிரில்லா கால நீட்டிக்கிட்டு இருக்கா!"

அன்று முதல் வெள்ளிக்கிழமைகள் முத்துவடிவுக்குத் திருநாள்களாயின. குழந்தை முன்னைவிடச் சற்றுத் தள்ளாடி நடப்பதை அவள் பார்த்தாள். புதுக் கொலுசின் பாரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனியில் சாரல் பிடித்ததும், நல்ல செய்தியைச் சொல்ல மூவரும் மீண்டும் குற்றாலத்துக்குப் பேருந்து ஏறினார்கள். மருத்துவர் பத்து மணிக்கு மேல்தான் பார்ப்பார் என்பதால் பேரருவியின் எதிரே சிறிது நேரம் நின்றார்கள். எண்ணெய் மினுங்கும் உடம்புகள் அவர்களை இடித்துக்கொண்டு அருவிக்குச் சென்றன. விழும் நீரின் இரைச்சலுக்கு நாச்சியார் தன் கீச்சொலியால் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். லாட்ஜை நோக்கித் திரும்பி நடந்தபோதுதான் முத்துவடிவு கவனித்தாள்: குழந்தையின் வலது காலில் செருப்பு இல்லை.

"செருப்பத் தொலைக்க அளவுக்குத் தேறிட்டா பாத்தியா!" என்று சிரித்தார் நம்பிராஜன்.

முத்துவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பு வாருக்குள் ஒரு துளி மணல் புகுந்தாலும் நடுத்தெருவில் உட்கார்ந்து அலறுகிற பிள்ளை இது. செருப்பு கழன்றதை எப்படி அறியாமல் போனாள்? ஈரத் தரையில் மண்டியிட்டு அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் ஓர் உடைமர முள் ஏறி ஒடிந்திருந்தது. அதைச் சுற்றி இரத்தம் கசிந்து சாரலில் கரைந்துகொண்டிருந்தது. நகத்தால் பற்றி முள்ளை இழுத்தாள். நாச்சியார் அருவியைத் திரும்பிப் பார்த்தபடி தன் சுருதியை முனகிக்கொண்டிருந்தாள், காலை இழுத்துக்கொள்ளவில்லை. முத்துவடிவு நடுப்பாதத்தில் விரலால் கீறிப் பார்த்தாள். பிறகு நகத்தை அழுத்தினாள். பாட்டு நிற்கவில்லை.

இத்தனை வெள்ளிக்கிழமைகளாகத் தான் தடவிய பாதத்துக்குத் தன் கை வந்ததே தெரியாது என்பது அப்போது அவளுக்கு விளங்கிற்று.

டாக்டர் சந்தானகிருஷ்ணன் காலைக் கவனமாகத்தான் பார்த்தார். காயத்துக்கு மருந்தும் வைத்தார்.

"மருந்து வேலை செய்யும்போது இப்படி ஒரு கட்டம் வரலாம்மா. பாதியில நிறுத்தினா வந்ததும் போயிரும். தைரியமாத் தொடருங்க."

தென்காசிப் பேருந்து இலஞ்சி தாண்டியதும் நம்பிராஜன்தான் வாய் திறந்தார்.

"நிறுத்தி, பழையபடி அலறுனாள்னா?"

"அலறட்டும்."

"கால மடியில வைக்கணும்னு நீதானட்டி ஆசப்பட்ட?"

"நாந்தான் ஆசப்பட்டேன். அந்த ஆசைதான் என் கண்ண மறைச்சிட்டு. அவ பொறுத்துக்கிட்டு நீட்டலங்க. அவளுக்குத் தெரியல. முள்ளு ஏறுனதே தெரியாதவளுக்கு எங்கையி மட்டும் தெரிஞ்சிருக்குமா?"

நம்பிராஜன் மகளின் கட்டுப்போட்ட காலைத் தம் மடிமீது எடுத்து வைத்துக்கொண்டார். பேருந்து குலுங்கும்போதெல்லாம் கொலுசு கிணுகிணுத்தது. தென்காசியில் இறங்கியவர், வீட்டுக்குப் போகும் வழியை விட்டு டாக்டர் ஞானபாக்கியத்தின் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். முத்துவடிவு பின்தொடர்ந்தாள்.

மருத்துவர் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பஞ்சாலும் ஊசி முனையாலும் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை.

"இது என்னன்னு எனக்குத் தெரியல முத்துவடிவு. நான் படிச்ச புஸ்தகத்துல இது இல்ல. ஆனா பிள்ளைக்குப் புதுசா சேத்தது அந்த மாத்திரை ஒண்ணுதான? அத எடுத்துட்டுப் பாப்போம். உணர்ச்சி திரும்பும்னுதான் நெனைக்கேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"எம்புட்டு நாளாகும், டாக்டரம்மா?"

"பொறுக்கணும். அதுவரைக்கும் அவ காலுக்கு நீங்கதான் கண்ணு."

அவ்வாறே ஆயிற்று. முத்துவடிவு மாலைதோறும் விளக்கடியில் மகளின் பாதங்களைத் திருப்பிப் பார்த்துக் கீறலைத் தேடினாள். வெந்நீர் அடுப்பைச் சுற்றிச் செங்கல் அடுக்கினாள். நம்பிராஜன் கடையில் ஈயத் துளியும் கம்பித் துணுக்கும் கிடக்காதபடி நாளுக்கு இருமுறை தாமே பெருக்கினார். திருவனந்தபுரத்து மருத்துவர் மூடியைச் சுற்றிவிட்டது நினைவுக்கு வந்ததோ என்னவோ, பழைய ரேடியோ ஒன்றின் திருகைக் குழந்தையின் கையில் கொடுத்துத் தாமும் அருகில் அமரத் தொடங்கினார். அவள் திருகுவாள், கீச்சொலி எழும், அவள் முனகுவாள். ஒருநாள் அவரும் கூடச் சேர்ந்து முனகினார். நாச்சியார் திருகுவதை நிறுத்தி, அவருடைய வாயை உற்றுப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள் என்று அவர் சொல்லவில்லை. வாயைத்தான் என்று நேர்மையாகச் சொன்னார்.

மைதீன் பிச்சை புதுப் புட்டிகளுடன் வந்து நின்றபோது நம்பிராஜன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே வேண்டாம் மாப்ள. ஒங்க அன்பு மட்டும் போதும்."

"என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு மருந்து கேக்கலையா?"

"கேட்டுச்சி. தப்பாக் கேட்டுச்சி."

மைதீன் பிச்சை பையைத் துழாவி ஒரு சிவப்புப் பம்பரத்தை எடுத்து நாச்சியாரின் முன்னே சுழலவிட்டுச் சென்றார்.

வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. எண்ணெய் வைக்கும்போது முத்துவடிவு இப்போது பாதத்தை ஆசையோடு தொடவில்லை, கேள்வியோடு தொட்டாள். பாதம் மறுமொழி சொல்லாமல் கிடந்தது. ஆவணியிலும் புரட்டாசியிலும் அது கிடந்த கிடப்பைப் பார்த்து அவள் அடுப்படியில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். ஐப்பசியில் ஒருநாள் கட்டைவிரல் மட்டும் சுருங்கியது போலிருந்தது. வீண் ஆசையாக இருக்கும் என்று அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்து வந்த வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டுவதை நாச்சியார் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துவடிவு தலையில் எண்ணெய் வைத்து, முதுகைத் தேய்த்து, கணுக்காலுக்கு வந்து, எண்ணெய்க் கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

உதை நேராக அவள் மார்பில் விழுந்தது. கிண்ணம் ஒரு பக்கம் உருண்டது. மணை ஒரு பக்கம் கவிழ்ந்தது. நாச்சியாரின் கூச்சலில் வீடு இரண்டாகிற்று. சிந்திய எண்ணெயில் மல்லாந்து விழுந்த முத்துவடிவு எழுந்திருக்க மறந்து சிரித்தாள். சிரிப்பதாகத்தான் அவள் நினைத்தாள். கன்னம் நனைந்திருந்ததைப் பிறகே உணர்ந்தாள்.

கையில் குறட்டோடு நம்பிராஜன் ஓடிவந்தார்.

"என்னட்டி? என்னாச்சி?"

"கேக்குதா உங்களுக்கு? கேக்குதா?"

அவருக்குக் கேட்டது. தெருவுக்கே கேட்டது. வாசலில் சொக்கம்மாளின் தலை தெரிந்தது.

"ஐயோ மைனி, பழையபடி ஆரம்பிச்சிட்டாளா?"

"ஆமா சொக்கு! பழையபடியே!" என்றாள் முத்துவடிவு, பரிசு வாங்கியவளைப் போல.

நாச்சியார் கொலுசைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அது உறுத்துவது இப்போது அவளுக்குத் தெரிந்தது. நம்பிராஜன் தரையில் அமர்ந்து, பாதத்தில் விரல் படாதபடி, ரேடியோக் கம்பியைக் கழற்றும் நிதானத்தோடு குறட்டு முனையால் திருகாணியை நெகிழ்த்தினார். ஒரு கொலுசு கழன்றது, மற்றதும் கழன்றது. கூச்சல் விம்மலாகி, விம்மல் முனகலாகி, முனகல் மெல்லக் கூரைச் சொட்டின் தாளத்தில் போய்ச் சேர்ந்தது.

கிண்ணத்தில் ஒட்டியிருந்த எண்ணெயை வழித்தெடுத்து முத்துவடிவு மீண்டும் மகளின் அருகில் அமர்ந்தாள். முழங்காலைத் தேய்த்தாள், ஆடுதசையைத் தேய்த்தாள். கணுக்கால் வந்ததும் கையை நிறுத்திக்கொண்டாள்.