மஞ்சள் வைக்கும் மூலை

பாண்டிமீனா கப்பலூர் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் வேலையை விட்டுவிட்டாள். ஆனையூர் வீட்டு முன்னறையிலேயே இனி விசேஷப் பத்திரிகை அடித்துத் தரப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. கையில் இருந்த பணம் ஒரே ஒரு பிரிண்டருக்குத்தான் காணும். மிஷின் சரிப்படாமல் போனால் திரும்பவும் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான்.

முதல் ஆர்டரை அவள் தாய்மாமன் சங்கிலி கொடுத்திருந்தார். அவர் மகள் முத்துமீனாவுக்குக் காதுகுத்து. விசேஷச் சாமான் வாங்கிய பையோடு கீழக்குயில்குடியிலிருந்து வந்தவர், பிரிண்டர் கடைக்கும் கூடவே வந்தார்.

கடைக்காரர் முகமது யாசீன் இரண்டு மிஷின்களைக் காட்டினார்.

"இது லேசர்க்கா. இதுல மையே கிடையாது, பொடிதான். உள்ள ஒரு உருளை இருக்கு. எழுத்து எங்க வரணுமோ அங்க மட்டும் பொடி ஒட்டும். அதைப் பேப்பர்ல இறக்கி, சூட்டுல உருக்கி அழுத்திரும். ஆனா கறுப்பு மட்டும்தான் வரும்."

"கறுப்பா?" என்றார் சங்கிலி. "கறுப்புல காதுகுத்துப் பத்திரிகை அடிச்சா, கருமாதின்னு நெனச்சு மாலையோட வந்துருவாய்ங்கப்பா."

கலர் லேசர் ஒன்று பின்வரிசையில் இருந்தது. அதன் விலைச்சீட்டைப் பார்த்த பாண்டிமீனா அந்தப் பக்கம் மறுபடி திரும்பவில்லை.

அடுத்தது இங்க் டேங்க். நான்கு தொட்டிகளில் நான்கு மை. முடியைவிட மெல்லிய துளைகள் வழியே அது மையைப் பொட்டுப் பொட்டாகத் தெளிக்கும். துணியில் சாயம் இறங்குவதுபோல மை காகிதத்துக்குள் இறங்கும். சிவப்பும் பச்சையும் பளிச்சென்று வரும்.

"ஒண்ணு சொல்லிர்றேன்க்கா. புது மிஷின்ல இங்க் ஊத்திட்டா நான் திருப்பி எடுக்க மாட்டேன். பார்க்கறதையெல்லாம் கடை மிஷின்லயே பார்த்துக்கங்க."

பாண்டிமீனா பென்டிரைவைக் கொடுத்தாள். கார்டு வந்தது. சிவப்பு எழுத்து, சுற்றிலும் பச்சைக் கொடி, நான்கு மூலையிலும் தாமரை. கீழே வலது ஓரத்தில் 'தங்கள் அன்புள்ள, சங்கிலி'. அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. மடித்துப் பார்த்தாள், உதிரவில்லை. லேபிளைச் சோதிக்க அவளுக்குத் தெரிந்த வழியெல்லாம் இவ்வளவுதான்.

சங்கிலிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பையிலிருந்து மஞ்சள்தூளை எடுத்தார். தண்ணீர் பாட்டில் மூடியில் குழைத்தார். கட்டைவிரலால் தொட்டு நான்கு மூலையிலும் வைத்தார். நல்ல காரியத்துப் பத்திரிகை கைக்கு வந்தால் எவரும் செய்வதுதான். கடையில் ஒருவரும் அதை வினோதமாகப் பார்க்கவில்லை.

தாமரை கரைந்தது. சிவப்பு மஞ்சளோடு கலந்து செம்மண் தண்ணீர்போல வழிந்தது.

"அடியாத்தி, எம் பேரு ஓடுது!" என்றார் சங்கிலி.

பாண்டிமீனா கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் முழுக்க இப்படிப் பத்திரிகை போனால் அடுத்த ஆர்டர் ஏது?

யாசீன் அதையே லேசரில் அடித்துக் கொடுத்தார். சங்கிலி மஞ்சள் வைத்தார். உருகி ஒட்டிய பொடி அசையவில்லை.

"நிக்கிறது கறுப்பு, ஓடுறது சிவப்பு. எதைத்தான் வாங்குறது?" என்றார்.

"மஞ்சளை முன்னாடியே வச்சு, காயவிட்டு அடிச்சா?" என்று கேட்டாள் பாண்டிமீனா.

"வேணாங்க்கா. தூளு ரோலர்ல ஒட்டும். அப்புறம் வர்ற கார்டுக்கெல்லாம் மிஷினே மஞ்சள் வச்சுரும்."

"நமக்கு வேலை மிச்சம்தானப்பா," என்றார் சங்கிலி.

அவள் சிரிக்கவில்லை. கரைந்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் இருந்த முத்துமீனாவின் பெயர் அப்படியே இருந்தது. ஈரம் படாத இடத்தில் மை ஓடவில்லை. ஈரமோ விரல் போகிற இடத்துக்கு மட்டும்தான் போகிறது.

"மாமா, இந்த வெத்துக் கார்டுல வைங்க."

வைத்தார். ஈரம் பரவி நின்ற எல்லையைப் பேனாவால் வளைத்துக் குறித்தாள். யாசீனின் கம்ப்யூட்டரில் தாமரைகளை எடுத்தாள். கொடியை ஒவ்வொரு மூலைக்கும் முன்னாலேயே முடித்தாள். மாமா பெயரை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினாள். மறுபடி அடித்தார்கள்.

"என்னத்தா, மூலையெல்லாம் மொட்டையா இருக்கு?"

"மஞ்சளை வச்சிட்டுச் சொல்லுங்க."

மஞ்சள் பரவி, கொடியின் நுனிக்குச் சற்று முன்னால் நின்றது. சங்கிலி கார்டைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பத்திரிகைக்கெல்லாம் மஞ்சள் வைக்கப்போறது நான் இல்லத்தா, உங்க அத்தை. அவ கை எங்கையைவிடப் பெருசு. தண்ணியும் அம்புட்டுத் தொடுவா."

பாண்டிமீனா கொடியை இன்னும் ஒரு விரல் உள்ளே இழுத்தாள். அடித்தாள். மூடியில் மிச்சமிருந்த மஞ்சளில் இன்னும் தண்ணீர் விட்டு, அத்தையை நினைத்துக்கொண்டு தானே அழுத்தி வைத்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கொடி கரையவில்லை.

"பாய், இங்க் டேங்கையே எடுங்க," என்றாள். "இங்க்கையும் இங்கேயே ஊத்திருவோம்."