வேலிக்குள் தையல்காரி

எட்டு மாதம் வரைக்கும் வாண்டு போட்ட இடத்தில் கிடந்தாள். தையல்காரிக்கு அது பெரிய வசதி. ஜன்னலோரம் மெஷின், பக்கத்தில் பாய், பாயில் மகள். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் அவளும் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவாள். ஒன்பதாம் மாதம் பிறந்ததுதான் தாமதம், பிள்ளைக்கு முழங்காலில் சக்கரம் முளைத்துவிட்டது.

முதல் நாள் நூல்கண்டு கட்டிலுக்கடியில் போனது. அடுத்த நாள் மெஷின் பெடலில் விரலை வைக்கப் போனாள். மூன்றாம் நாள், வாயில் எதையோ போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தாள். விரல் விட்டு எடுத்தால் சட்டைப் பட்டன்! தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வர நேரமாயிற்று. மெஷினை மூடிவிட்டுத் தரை முழுக்கக் காந்தத்தால் துழாவினாள். ஏழு குண்டூசிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு அழுதாள்.

சாயங்காலம் வந்த கணவன் விஷயத்தைக் கேட்டான். அவன் கிரில் வேலை செய்யும் வெல்டர்.

"இதுக்கு ஏன் அழற? ஒரு வேலி பண்ணித் தர்றேன். பிள்ளைய உள்ள விட்டுட்டு நீ நிம்மதியா தை."

சொன்னபடி செய்தான். தலை நுழையாத அளவுக்கு நெருக்கமான கம்பிகள். பிசிறு இருந்த இடத்தையெல்லாம் அரத்தால் ராவி, தன் கன்னத்தை வைத்துத் தேய்த்தும் பார்த்தான். அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது வேலி.

வாண்டை உள்ளே விட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். பொம்மை போட்டால் பொம்மை வெளியே பறந்தது. பாட்டுப் பாடினால் அதைவிட உரக்கக் கத்தினாள். மாடி வீட்டுக்காரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு டீச்சர் கொடுத்த இருபத்திரண்டு கவுன்களும் வெட்டிய துணியாகவே கிடந்தன.

மூன்றாம் நாள் காலை தையல்காரி மகளைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டாள். மெஷினை இழுத்து வேலிக்கு நட்டநடுவில் போட்டாள். கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, பட்டன் டப்பா எல்லாம் உள்ளே போயின. கடைசியில் தானும் நுழைந்து வேலிக் கதவின் கொக்கியை மாட்டிக்கொண்டாள்.

வாண்டு ஒரு நிமிடம் திகைத்தாள். பிறகு கெக்கெக்கெவென்று சிரித்துவிட்டுத் தன் ராஜ்ஜியத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். அவளுக்காக மேஜை முனைகளில் ஸ்பாஞ்சு வைத்துத் துணி சுற்றியாயிற்று. பிளக் ஓட்டைகளை மூடியாயிற்று. இஸ்திரிப்பெட்டி பரணுக்குப் போயிற்று.

"பிள்ளைக்குச் செஞ்ச வீட்டுல நீ குடியேறிட்டியா?" என்றான் கணவன்.

"ஆமாங்க. அவளுக்கு மிச்ச வீடு பூரா வேணுமாம். எனக்கு இது போதும்."

நாலு நாள் கழித்து டீச்சர் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, என்ன தப்புக்காக உன்னை உள்ள வச்சிருக்காங்க?"

"இருபத்திரண்டு கவுன் முடிச்சாத்தான் விடுதலை, டீச்சர்! பதினெட்டு ஆச்சு."

டீச்சர் தனக்கும் ஒரு ஜாக்கெட் தைக்க வேண்டுமென்றாள். தையல்காரி கம்பிக்கு மேலாக எட்டி அளவெடுத்தாள். அப்போது டீச்சர் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"ஷ்... கீழ பாரு."

வாண்டு கம்பியைப் பற்றி, முக்கி முனகி எழுந்துகொண்டிருந்தாள். கால் நடுங்கியது. நின்றுவிட்டாள்! தையல்காரி மண்டியிட்டாள். கம்பிக்கு அந்தப்பக்கம் மகளின் முகம் நேருக்கு நேராக இருந்தது. இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். மகளுக்கு இருந்தது இரண்டுதான். அப்புறம் பொத்தென்று உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கணவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.

"அப்பாவுக்கு ஒரே ஒரு தடவ நின்னு காட்டுடா தங்கம்."

தங்கம் கொட்டாவி விட்டது. கெஞ்சிக் கூத்தாடியும் பலனில்லை. அவன் மடியிலேயே தூங்கிப்போனாள்.

மறுநாள் வெல்டர் பட்டறைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனான். போனதும், திட்ட வாயெடுத்த முதலாளியை நிறுத்தி, "எம் பொண்ணு நின்னுட்டா, சார்!" என்றான்.