மந்திரிக்காத மண்

தண்ணீர் டம்ளரை ரெபேக்காவின் கையில் திணித்துவிட்டு அம்மா ரோசரி அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஊத்துடி. உனக்குத்தான் பழக்கமாச்சே."

கட்டிலில் கிடந்த நெகேமியாவுக்கு நேற்றிலிருந்து நினைவில்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு, தொண்டையில் உரசிக்கொண்டு வந்துபோனது. எட்டு வருஷமாக நர்சாக இருக்கிற மகளுக்கு, அந்த மூச்சு சாயங்காலம் தாண்டாது என்று தெரிந்திருந்தது.

அம்மா சொன்ன பழக்கமும் பொய்யில்லை. சாகக் கிடக்கிறவருக்குச் சாமியார் வந்து சேராவிட்டால் எந்தக் கத்தோலிக்கரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று படிக்கும்போதே கன்னியாஸ்திரிகள் சொல்லித் தந்திருந்தார்கள். பிரசவ வார்டில் பிழைக்காது என்று தெரிந்த பிள்ளைகளின் நெற்றியை ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி துடைத்து, யாருக்கும் கேட்காமல் மந்திரத்தைச் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் பெருமையாக அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அந்தப் புள்ளையோட அம்மாகிட்டக் கேட்டியாம்மா?"

அதற்கப்புறம் அவள் யாருக்கும் ஊற்றவில்லை. அதை அம்மாவிடம் சொன்னதுமில்லை.

நெகேமியா எர்ணாகுளத்து யூதர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராக வந்தவர், ரோசரியைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டார். பிஷப் அனுமதி தந்தும், கோயிலுக்குள் வைக்காமல் சாமியார் பங்களாவில்தான் கல்யாணம் நடந்தது. பிறக்கிற பிள்ளையைக் கிறிஸ்தவப் பிள்ளையாக வளர்ப்பேன் என்று எழுதிக் கொடுத்தார், அப்படியே வளர்த்தார். தான் மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில்வரை கூடவே வந்து, பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில் நிற்பார்.

"உங்க ஏசு யாரு? எங்க ஆளு," என்பார் சாப்பிடும்போது. "பன்னிக்கறி தொட்டதில்ல. சனிக்கிழமை ஜெப ஆலயத்துக்குப் போகாம இருந்ததில்ல. கடைசியா உக்காந்து சாப்பிட்டதும் எங்க பாஸ்கா பண்டிகைச் சாப்பாடுதான்."

"எல்லாம் சரிங்க. வரவேண்டிய மெசியா வந்துட்டாரு. நீங்கதான் இன்னும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"வந்திருந்தா உலகம் இப்படியா இருக்கும், ரோசரி?"

அவள் ரசம் எடுத்துவர எழுந்து போய்விடுவாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் அண்ணன் தம்பிகள் எல்லாரும் இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது அவரையும் கூப்பிட்டார்கள். ரோசரியை விட்டுவிட்டு எங்கே போவது என்று இருந்துவிட்டார். ஆறு வருஷமாகிறது. அவர் செத்தால் சொல்ல வேண்டிய ஜெபத்துக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெறும்பூர் வரை தேடினாலும் ஒருவர் கிடையாது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ரோசரியின் குரல் கேட்டது. "முப்பது வருஷம் கூட இருந்த மனுசன். மோட்சத்துக்கு நான் மட்டும் போயி என்னடி பண்ணப்போறேன்?"

ரெபேக்கா டம்ளரை அப்பாவின் நெற்றிக்கு மேலே கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. பிறகு இரண்டு விரலைத் தண்ணீரில் நனைத்து, வெடித்துக் கிடந்த அவர் உதட்டில் தடவினாள். மிச்சத்தை ஜன்னல் வழியே கொட்டினாள்.

கதவைத் திறந்ததும் ரோசரி கேட்டாள். "ஊத்திட்டியா?"

"ம்."

அம்மாவின் முகம் அப்படி இளகி அவள் பார்த்ததே இல்லை. ரோசரி கட்டிலருகே மண்டியிட்டுப் புருஷன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஒர்க்‌ஷாப் சாயங்காலச் சங்கு ஊதியபோது அந்தக் கை சில்லிட்டிருந்தது.

மறுநாள் காலையில் பங்குச் சாமியார் வந்தார். பெஞ்சில் கிடத்தியிருந்த நெகேமியாவின் விரல்களில் ரோசரி தன் ஜெபமாலையைச் சுற்றிவிட்டிருந்தாள். சாமியார் அதைப் பார்த்துவிட்டு ரெபேக்காவை அருகே கூப்பிட்டார்.

"நீ ஞானஸ்நானம் குடுத்ததா அம்மா சொல்றாங்க. கோயில்ல பூசை வச்சு, கல்லறையில நல்ல எடமா குடுத்துடலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அவரு சம்மதிச்சாராம்மா?"

ரோசரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஊத்தல சாமி," என்றாள் ரெபேக்கா. "உதட்டத்தான் நனைச்சேன். அம்மாகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

ரோசரி எழுந்துபோய், விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஜெபமாலையைக் கழற்றினாள். சிலுவையைத் துடைத்து மடியில் முடிந்துகொண்டாள்.

"மந்திரிச்ச மண்ணுல வைக்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் சாமியார், மெல்ல. "கல்லறைச் சுவருக்கு வெளிய, ஞானஸ்நானம் வாங்காத புள்ளைங்களப் பொதைக்கிற எடம் இருக்கு. அங்க வைக்கலாம்."

ஒர்க்‌ஷாப் ஆட்கள் தூக்கிப் போனார்கள். சாமியார் பூசை உடுப்பு இல்லாமல் வெறும் அங்கியோடு பின்னால் நடந்து வந்தார். குழியருகில் நின்று, "தாவீது ராஜாவோட சங்கீதம் ஒண்ணு சொல்றேன். அது அவரோடதும்தான்," என்று சொல்லி, தணிந்த குரலில் சொல்லி முடித்தார். சுற்றிலும் முழ நீளத்துக்குச் சின்னச் சின்ன மேடுகள். ரெபேக்கா எதையும் மிதித்துவிடாமல் காலை ஒடுக்கிக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அம்மா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாரும் போனபின் குழிவெட்டும் பிச்சமுத்து மண்ணைத் தட்டிச் சமன்செய்தான். ரோசரி நகரவில்லை.

"பிச்சமுத்து."

"சொல்லுங்கம்மா."

"இவருக்குப் பக்கத்துல இன்னொரு ஆளு படுக்க எடம் வருமா?"

அவன் ரெபேக்காவைப் பார்த்தான். பிறகு மண்வெட்டியைத் தரையில் கிடத்தி, புதுமண்ணின் ஓரத்திலிருந்து அடுத்த சின்ன மேடு வரை அளந்தான்.

"கொஞ்சம் நெருக்கமாத்தான் வரும்மா."

ரோசரி அந்த இடத்தில் உட்கார்ந்து, படர்ந்து கிடந்த நெருஞ்சியைப் பிடுங்க ஆரம்பித்தாள். சற்று நேரம் நின்றுவிட்டு, ரெபேக்காவும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.